குளிக்கும் அறைக்குள் கேஸ் ஹீட்டர் வேண்டாம்

மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கி வரும் பெண் தொழிலாளிக்குச் சுடுதண்ணீர் ஒரு சொகுசு என்று யாரும் சொல்ல முடியாது. மார்கழி, தை மாதங்களில் பீலித் தண்ணீர் கையை விறைக்க வைக்கிறது. மிலாறு நனைந்திருந்தால் அடுப்பும் பிடிக்காது. பழைய லயங்களின் மின் இணைப்போ மின்சார ஹீட்டரின் பாரத்தைத் தாங்காது. அதனால் கேஸ் ஹீட்டர் வாங்கலாமா என்று நமது அங்கத்தவர்கள் கேட்கிறார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பதும் நியாயமானதே.

எமது நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறோம். வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் மாட்ட முடியுமென்றால் வாங்குங்கள். குளிக்கும் அறைக்குள்ளோ படுக்கும் காம்பிராவுக்குள்ளோதான் மாட்ட முடியும் என்றால், காசு கையில் இருந்தாலும் வாங்காதீர்கள்.

காரணம் இதுதான். ஹீட்டர் ஒரு சாதாரண கேஸ் அடுப்பின் பர்னரைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் கேஸை எரிக்கிறது. அதற்கேற்ப அறையின் காற்றையும் இழுக்கிறது. குளிருக்குப் பயந்து கதவையும் யன்னலையும் அடைத்துவிட்டுக் குளித்தால் காற்று குறைந்து, கேஸ் சரியாக எரியாமல் காபன் மொனொக்சைட் என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்று, ஓங்காளம். பிறகு கால் தளர்ந்து மயக்கம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பவர் விழுந்தால் வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் குளிர் காய்வதிலும் இதே ஆபத்து உண்டு.

கேஸ் கசிவு வேறு ஆபத்து. சிலிண்டர் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு பரவித் தங்கும். 2021 இறுதியில் நாட்டின் பல பாகங்களில் கேஸ் வெடிப்புகள் நடந்து மக்கள் அடுப்பைப் பற்றவைக்கவே பயந்ததை நாம் மறக்கவில்லை. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்தில் ஒரு காம்பிராவில் பிடிக்கும் தீ அங்கே நிற்பதில்லை. ஒரு வீட்டின் சிலிண்டர் முழு லயத்தின் பொறுப்பு.

ஏற்கனவே ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

சிலிண்டரை வெளியில், நிழலில், நிமிர்த்தி வையுங்கள். குளித்து முடிந்ததும் ஹீட்டரை மட்டுமல்ல, ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

புது சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை ரெகுலேட்டரிலும் குழாய் மூட்டுகளிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

வெடித்த, இறுகிப்போன, திகதி முடிந்த ரப்பர் குழாயை உடனே மாற்றுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, ஹீட்டரின் மேல் கரி படிந்தாலோ பாவிப்பதை நிறுத்துங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது வேலை தெரிந்தவரைக் கொண்டு பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.

பீலியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. அதனால் ஹீட்டர் பற்றாமல் போகலாம். தண்ணீர் வராதபோது கேஸ் எரியாமல் தடுக்கும் பாதுகாப்பு அது. அதைக் கழற்றிப் போட்டு வேலை செய்ய வைக்கும் 'கெட்டிக்காரரிடம்' கொடுக்காதீர்கள்.

கேஸ் மணம் வந்தால் மின்சார சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பக்கத்துக் காம்பிராவுக்கும் சொல்லுங்கள். யாராவது மயங்கியிருந்தால் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 1990 அம்புலன்சை அழையுங்கள். கேஸ் எரிந்த அறையில் மயங்கியவர் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரண தலைவலி, வாந்தி என்று பெனடோல் கொடுத்து அனுப்பப்படும் ஆபத்து உண்டு.

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியவை. ஆனால் பொறுப்பு முழுவதையும் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ள நாம் விடமாட்டோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில், ஒற்றை யன்னலோடு, சமையலும் படுக்கையும் ஒன்றாக இருப்பது நமது விருப்பத்தால் அல்ல. அந்தச் சுவரில் காற்றுப் போக ஒரு துவாரம் போடுவதற்கும் துரையின் அனுமதியைக் கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். காற்று வர வழியில்லாத வீட்டைக் கொடுத்துவிட்டு 'கவனமாக இருங்கள்' என்று அறிவித்தல் ஒட்டுவது பாதுகாப்பு ஆகாது.

7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்ற அளவில் மலையகத்தில் வீடுகள் கட்டப்பட்டு வந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இனிக் கட்டும் வீடுகளில் சமையலறைக்கும் குளியலறைக்கும் மேலும் கீழும் காற்றுத் துவாரங்கள் இருக்க வேண்டும். சிலிண்டர் வைக்க வெளியே கூரையோடு ஓர் இடமும் வேண்டும். கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம். பின்னர் சுவரை உடைப்பதுதான் பெருஞ்செலவு. பழைய லயங்களில் வெளிச்சுவரில் துவாரம் போடுவதற்குத் தோட்ட நிர்வாகம் தடை சொல்லக்கூடாது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் தோட்டந்தோறும் தமிழில் கேஸ் பாதுகாப்புப் பயிற்சி நடத்த வேண்டும்.

தோட்டத் தலைவர்மார் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். எத்தனை வீடுகளில் கேஸ் பாவிக்கிறார்கள், எத்தனை காம்பிராவில் காற்றோட்டம் இல்லை என்று எண்ணி எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கணக்கோடு போனால்தான் நிர்வாகத்திடம் பேச முடியும். அதுவரைக்கும் இன்று இரவு குளிக்கப் போகும் முன் அந்த யன்னலைத் திறந்து விடுங்கள். குளிரைத் தாங்கிக்கொள்ளலாம்.