மெல்ல நிகழும் மரணங்களுக்குக் கணக்கு எங்கே?

மலக்குழிக்குள் மூச்சுத்திணறி ஒருவர் இறந்தால், அந்த மரணத்துக்கு இன்று ஒரு சட்டக் கணக்கு இருக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 10 இலட்ச ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில், பல்ராம் சிங் வழக்கில், அதை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆனால், இருபது ஆண்டுகள் சாக்கடை அள்ளி, ஐம்பது வயதுக்குள் நுரையீரல் பழுதாகி வீட்டுத் திண்ணையில் இறப்பவருக்கு? அத்தகைய குடும்பங்களுக்காக மனு எழுத அமரும்போதெல்லாம் நாம் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்றுதான்: நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டச் சான்று இல்லை. பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலேயே இடம்பெற்றது. குப்பை பிரிப்பவரின் நாட்பட்ட மூச்சிரைப்புக்கு அங்கே தனி வரி கிடையாது.

ஈரோடு உள்ளிட்ட கொங்கு மாவட்டங்களில் தூய்மைப் பணியின் பெருஞ்சுமை அருந்ததியர் தோள்களில்தான் இருக்கிறது. அம்மக்களின் தனித்த பின்தங்கிய நிலையை ஏற்றே 2009-இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செல்லும் என்றது. அது தரவுகளின் அடிப்படையில் அமைய வேண்டும் என்றும் சொன்னது. கல்விக்கும் வேலைக்கும் தரவு கேட்கும் அரசு, உயிருக்குக் கேட்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு வீடுவீடாகச் சென்று சாதிப் பெயரைக் கேட்கிறது. வெளியிடும்போது ‘பட்டியல் சாதி’ என்ற ஒற்றைக் கட்டத்தில் அடைத்துவிடுகிறது. 2019-21 மாவட்ட அறிக்கைகளில் அந்தக் கட்டமும் இல்லை. உயர்சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என 2018-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை கூறியது இந்தியா முழுமைக்குமான எண். ஈரோட்டுக்கான எண்ணை ஈரோட்டில்தான் உருவாக்க வேண்டும்.

அதற்கு நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது: காசநோய்ச் சானடோரியம் இருந்த வளாகம், போக்குவரத்துத் தொழிலாளர்களின் பங்களிப்பில் எழுந்து பின்னர் அரசுடைமையான கல்லூரி. உழைப்பவர்களின் நுரையீரலை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் எது? ஆனால், அது சென்னையிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் வருகிறது. மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகளோ கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின்கீழ். காலனிகளிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெரிதும் படிப்பது இரண்டாம் வகைக் கல்லூரிகளில். நோயை அறிந்தவர் ஓரிடத்தில், தெருவை அறிந்தவர் வேறிடத்தில்.

அமெரிக்காவில் 1985-இல் அரசே அமைத்த குழு, கறுப்பின, சிறுபான்மை மக்களிடையே ஆண்டுக்குச் சுமார் 60,000 மிகை மரணங்கள் நிகழ்வதாகக் கணக்கிட்டது. அக்காலத்திலேயே, சிறுபான்மை நிறுவனங்களில் ஆய்வுக் கூடங்களையும் ஆய்வாளர்களையும் வளர்க்கும் தனித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆய்வு பெருகினாலே நீதி வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1932 முதல் 1972 வரை டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயை, மருந்து கிடைத்த பின்னும் குணப்படுத்தாமல் வேடிக்கை பார்த்ததும் ஆய்வு என்ற பெயரில்தான். நம் மக்களின் இரத்த மாதிரிகள் மட்டும் கல்லூரிக்குள் சென்று, நம் பிள்ளைகள் வாயிலில் நின்றால் அதுவும் தீண்டாமையே. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி அறநெறிக் குழுவில் பொதுமக்கள் தரப்பில் ஒருவரும் சட்டம் அறிந்த ஒருவரும் இருக்க வேண்டும். அந்த நாற்காலிகளில் யார் அமர்கிறார்கள் என்று கேட்பது தவறாகாது. ஆலையில், நகராட்சி ஒப்பந்தத்தில் வேலை செய்பவரின் நோய் விவரம் முதலாளி கைக்குப் போனால் வேலை போய்விடும் என்பதை அங்கே எவரேனும் சொல்ல வேண்டுமல்லவா?

பணம் இல்லை என்ற பதில் இனிச் செல்லாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024-இல் நிறைவேறியுள்ளது. பெருந்துறையில் தொழில்சார் நோய் ஆய்வுப் பிரிவு, அதில் அருந்ததியர் ஆய்வு மாணவர்களுக்கு முழுநேர உதவித்தொகை: இவ்விரண்டையும் அச்சட்டத்தின் நிதியிலிருந்து கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இறப்புப் பதிவுப் படிவத்தில் சாதி கேட்கப்படுவதில்லை, தொழில் கேட்கப்படுகிறது. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் ஈரோட்டு மாணவர்கள், பெயர்கள் இன்றி, இறந்தோரின் வயது, தொழில், காரணம் ஆகியவற்றின் பத்தாண்டுத் தொகுப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அமைப்புகளிடம் கேட்கலாம். தொழில் கட்டம் வெறுமையாக இருந்தால், அதை நிரப்பாதவர் யார் என்பது அடுத்த மனு.