பாவாடைத் தூதர்

சென்ற வாரம் நம் தமக்கையின் மகள் ஒரு படத்தை நம் முன் நீட்டி, "மாமா, இவரைப் போல் உடுத்திக்கொள்ள வேண்டுமென்று எனக்கு ஆசையாயிருக்கிறது" என்றாள்.

படத்தை வாங்கிப் பார்த்தோம். கோயில் மணியைப் போல் விரிந்து நிற்கும் பாவாடை. அதன் ஓரம் முழுவதும் அடுக்கடுக்காக லேஸ். பப் கை, கழுத்து வரை பொத்தான், தலையில் சிறு விசிறி அளவுக்கு ஒரு ரிப்பன். எல்லாம் இளஞ்சிவப்பு. மிட்டாய்க் கடையில் அலங்கரித்து வைத்த பண்டம் ஒன்று உயிர் பெற்று எழுந்து நின்றாற்போல் இருந்தது.

"நாடகத்தில் ராஜகுமாரி வேஷமோ?" என்று கேட்டோம்.

"இல்லை மாமா. உத்தியோகம் நர்ஸ்" என்று பதில் வந்தது.

இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. விசாரித்தோம். தெரிய வந்த விஷயம் நாம் எதிர்பார்த்ததைவிட ருசிகரமாயிருந்தபடியால் நேயர்களுக்கும் சொல்லி வைக்கிறோம்.

அந்த அம்மையாரின் பெயர் மிசாகோ அவோகி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே, டோக்கியோ நகரின் ஹராஜுக்கு வட்டாரத்து உடுப்புப் பத்திரிகையான 'கேரா'வில் படத்துக்கு நின்று பெயர் பெற்றவர். அவர் அணியும் பாணிக்கு 'லோலிடா' என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அதே பெயருள்ள ஆங்கில நாவலுக்கும் தங்கள் உடுப்புக்கும் சம்பந்தமில்லை என்று இதை அணிகிறவர்கள் அழுத்திச் சொல்லுகிறார்கள். உடுப்பைப் பார்த்தாலே அது விளங்கும். கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடி, அதற்குக் கீழே நீண்ட காலுறையும் போட்டுக்கொள்ளும் உடுப்பு அது. நம் பாட்டிமார்கூடக் குறை சொல்ல இடமில்லை. ரிப்பனைப் பற்றி வேண்டுமானால் ஏதாவது சொல்லுவார்கள்.

2009-ஆம் ஆண்டில் ஜப்பான் சர்க்காரின் வெளிநாட்டு இலாகா மூன்று இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஜப்பானின் புதுமை நாகரிகத்தைப் பிற நாடுகளில் எடுத்துக் காட்டும் தூதர்களாக நியமித்தது. ஒருவர் பள்ளிச் சீருடைக்கு. ஒருவர் ஹராஜுக்குத் தெருவின் பல வர்ண உடுப்புக்கு. மூன்றாமவர் நம் நர்ஸ் அம்மையார், லேஸ் வைத்த கவுனுக்கு.

நமக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிறிது கோபமும் வந்தது. கிமோனோ என்ற அழகான உடையைப் படைத்த தேசம், பழைய ஐரோப்பியச் சீமாட்டிகளின் பாவாடையைப் போட்டு ஒருவரைத் தூதனுப்பலாமா? இது பிறர் உடையைக் காப்பியடிப்பதன்றி வேறென்ன? நம் நாட்டிலும் கோட்டும் தொப்பியும் மாட்டியவுடன் துரையாகிவிட்டதாக நினைத்துக்கொண்டவர்கள் இருந்தார்களே!

ஆனால் காப்பியடிப்பது எப்படியிருக்கும் என்பதை ஜப்பானியர் நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1883-ஆம் ஆண்டில், அப்போது வெளிநாட்டு விவகாரங்களைக் கவனித்து வந்த இனோவுவே கவோரு என்ற மந்திரி டோக்கியோவில் 'ரொக்குமெய்கான்' என்னும் மாளிகையைத் திறந்து வைத்தார். மாளிகைக்கு நக்‌ஷா போட்டவர் ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயர். அங்கே ஜப்பானியப் பிரபுக்களின் மனைவிமார் இடுப்பை இறுக்கி, பின்புறம் புடைத்த ஐரோப்பியக் கவுன் அணிந்து, வெளிநாட்டுத் தூதர்களோடு கைகோத்து நடனமாடினார்கள். விளையாட்டுக்காக அல்ல. வல்லரசுகள் ஜப்பான்மீது சுமத்தியிருந்த சமத்துவமில்லாத உடன்படிக்கைகளின்படி, அந்நிய நாட்டார் ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்தாலும் ஜப்பானியக் கோர்ட்டில் விசாரிக்க முடியாது. நாமும் நாகரிகமடைந்தவர்களே என்று காட்டினால் வெள்ளைக்காரர் மனம் இளகி உடன்படிக்கையைத் திருத்துவார்கள் என்று மந்திரி நம்பினார்.

வெள்ளைக்காரர் விருந்தைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள். பியேர் லோட்டி என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அந்த நடனத்துக்குப் போய் வந்து ஏளனமாக எழுதினார். பிகோ என்ற பிரெஞ்சு ஓவியர் ஐரோப்பிய உடுப்பணிந்த ஒரு ஜப்பானியத் தம்பதியைச் சித்திரமாகத் தீட்டினார். அவர்கள் கண்ணாடியில் பார்க்கிறார்கள். கண்ணாடிக்குள்ளே இரண்டு குரங்குகள் தெரிகின்றன! உடன்படிக்கை திருந்தவில்லை. 1887-இல் இனோவுவே பதவியை விட்டார்.

இடுப்பை இறுக்கிக்கொண்டு ஆடிய அந்த ஸ்திரீகளை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வரவில்லை. தேசத்துக்காகத்தான் உடுத்தினார்கள். ஆனால் அந்த உடுப்பு அழகா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. எதிரே நின்று ஆடிய அந்நியரிடம் இருந்தது.

126 வருஷங்களுக்குப் பிறகு அதே வெளிநாட்டு இலாகா மறுபடியும் ஒரு பெண்ணுக்கு லேஸ் பாவாடையோடு விடை கொடுத்தது. இந்தத் தடவை பார்த்து மயங்கியவர்கள் வெளிநாட்டார். அவர்களில் ஐரோப்பியப் பெண்களும் உண்டு. தங்கள் கொள்ளுப்பாட்டிகள் கழற்றிப் போட்ட பாவாடையை ஜப்பானியரிடமிருந்து விலைக்கு வாங்கி அணிகிறார்கள்!

இந்தப் பாணியை எந்த மந்திரியும் ஏற்படுத்தவில்லை. ஹராஜுக்குவில் 1970-இல் 'மில்க்' என்றொரு கடை தோன்றியது. 1988-இல் 'பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்' என்ற நீண்ட பெயருடைய கம்பெனி வந்தது. ஹராஜுக்குவில் ஞாயிறுதோறும் வண்டிகளை நிறுத்தித் தெருவை நடப்பவர்களுக்கே விட்டுவிடும் வழக்கம் 1998 வரை இருந்தது. அங்கே இளம் பெண்கள் தாங்களே தைத்ததும், மிச்சம் பிடித்து வாங்கியதுமாக உடுத்திக்கொண்டு கூடினார்கள். பாவாடைக்குள் விறைப்பான வலைத்துணியைச் சுருக்கிச் சுருக்கிப் பல அடுக்காக வைத்தால்தான் அந்த மணி வடிவம் நிற்கும். துணியில் ஸ்டிராபெரிப் பழம், கேக்கு, சங்கீதக் குறிகள் எல்லாம் அச்சடித்திருக்கும். எந்த ஐரோப்பிய அரண்மனையிலும் எந்தச் சீமாட்டியும் கேக்குப் படம் போட்ட பாவாடையைக் கட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கிமோனோவின் அகன்ற கையையும் இந்தப் பாவாடையையும் சேர்த்துத் தைக்கும் ஒரு வகையும் உண்டு. இதைக் காப்பி என்று சொல்ல நமக்கு இப்போது வாய் வரவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் பெற்ற கம்பெனியின் கவுன் ஒன்றுக்குச் சுமார் 30,000 யென் ஆகும். ரிப்பனும் காலுறையும் தனி. உழைத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கும் இது லேசான தொகையல்ல. காலமும் மாறிவிட்டது. ஹராஜுக்குத் தெருவில் நடப்பவர்களைப் படம் பிடித்து 'புரூட்ஸ்' என்ற பத்திரிகையை 1997-இல் தொடங்கிய ஷோயிச்சி அவோகி, படம் பிடிக்கத் தகுந்த இளைஞர்கள் அருகிவிட்டார்கள் என்று சொல்லி, 2017-இல் அதை நிறுத்துவதாக அறிவித்தார். 'கேரா'வின் அச்சுப் பதிப்பும் அதே ஆண்டில் நின்றது. ஆயினும் மிசாகோ அம்மையார் உடுப்பை மாற்றிக்கொள்ளவில்லை. 2013-இல் இப் பாணிக்கென்றே ஏற்பட்ட ஜப்பான் சங்கத்தின் தலைவியானார். இருபது வயதுப் பெண்ணின் மோகம் என்று ஊரார் நினைத்திருக்கக் கூடும். அவரோ நாற்பது வயதை எட்டிய பிறகும் அதே ரிப்பனோடு நிற்கிறார்.

இத்தனையும் தெரிந்துகொண்டு, மருமகளிடம் சற்றுப் பெருந்தன்மையாகவே பேசத் தொடங்கினோம். "கவுனை வரவழைத்துத் தருகிறேன், அம்மா. ஆனால் 30,000 யென்..." என்று இழுத்தோம்.

"நான் அந்தக் கவுனைக் கேட்கவில்லையே, மாமா! அவரைப் போல் என்றுதானே சொன்னேன்?" என்றாள்.

உள்ளே போய் ஒரு துணியை எடுத்து வந்தாள். பாட்டியின் பெட்டியில் வெகு நாளாகக் கிடந்த மதுரைச் சுங்குடிச் சேலை அது. அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. அதைச் சுருக்கம் நிறைய வைத்துப் பாவாடையாகத் தைத்து, கழுத்து வரை பொத்தான் வைத்த வெள்ளை ரவிக்கையோடு கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகப் போகிறாளாம். "நாலு பேர் சிரிப்பார்களே!" என்றாள் அவள் தாயார். "முதல் வாரம் சிரிப்பார்கள், அம்மா" என்றாள் அவள்.

துணியைத் தையற்காரரிடம் கொண்டுபோகும் வேலை நம் தலையில் விழுந்தது. அவர் சேலையைப் பிரித்துப் பார்த்தார். காகிதத்தில் அவள் போட்டிருந்த கணக்கையும் பார்த்தார். "இத்தனை சுருக்கமா? யாருக்கு ஐயா இது, நாட்டியத்துக்கா?" என்று கேட்டார்.

"இல்லை, கல்லூரிக்கு" என்று சொல்லி, அளவு ரவிக்கையையும் கொடுத்துவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.