கரண்ட் போனால் சோலாரும் நிற்கட்டும்!

முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தபடியே வளர்ந்தவள் நான். போன வருஷம் அரசு மானியத்தில் எங்கள் மொட்டை மாடியிலும் சோலார் வைத்தோம். ஒருநாள் உச்சி வெயிலில் கரண்ட் போனது. எங்கள் ஃபேனும் நின்றுவிட்டது. "என்ன மக்களே, வெயிலு இந்தப் போடு போடுது, ஃபேன் ஓடல்லியே?" என்றார் மாமியார். ஏமாந்துவிட்டோமோ என்று எனக்கும் எரிச்சல்.

சோலார் மாட்டிய தம்பியிடம் கேட்டேன். "கோளாறு இல்லக்கா. லைன்ல கரண்ட் இல்லேன்னா இன்வெர்ட்டர் தானா நிக்கும். நிக்கலேன்னா உங்க வீட்டு கரண்ட் தெருக் கம்பியில ஏறி, கம்பத்துல நிக்கிற லைன்மேனை அடிச்சிடும்" என்றான். 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பிப் போனால் 11,000 வோல்ட் ஆகுமாம்!

எனக்குத் திக்கென்றது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து, ஊரே இருட்டில் கிடந்தபோது, வாடகை ஜெனரேட்டர் வயரை பிளக்கில் நேராகச் சொருகி மோட்டார் போட்டோம். மெயினை அணைத்தோமா? இன்றுவரை ஞாபகமில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து நமக்காகக் கம்பம் நட்டவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

தோழிகளே, ஜெனரேட்டர் இருந்தால் 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். கரண்ட் போனாலும் சோலாரை ஓடவைக்க யாராவது குறுக்கு வழி சொன்னால் கேட்காதீர்கள். அரைமணி நேரம் விசிறினால் நம் கை தேய்ந்துவிடாது. லைன்மேன் வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்துக் காத்திருப்பாளே!

- ஒரு வாசகி, ஆரல்வாய்மொழி.