ஆபரேஷன் பாதி வைத்தியம், மீதி நர்ஸிங்

1/ மக்களே, நெஞ்சு நடுவில் குழி விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பீங்க. பெக்டஸ் எக்ஸ்கவேட்டம்னு பேரு. டீன் ஏஜில் வேகமா வளரும்போது குழி இன்னும் ஆழமாகலாம். ஒகேனக்கல் போனாலும் சட்டையைக் கழற்றாமல் குளிக்கிற பையனுக்குத்தான் அந்தக் கூச்சம் தெரியும்.

2/ இதைச் சரிசெய்ய டாக்டர் டொனால்ட் நஸ் 1987-ல் அமெரிக்காவில் ஒரு முறையைத் தொடங்கினார். நெஞ்சின் இருபக்கமும் சின்ன வெட்டு. வளைந்த உலோகக் கம்பியை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்துத் திருப்பினால் குழி மேலே எழும்பும். கம்பி சுமார் 2-3 வருஷம் உள்ளேயே இருக்கும்.

3/ வெட்டு சின்னது, வலி பெரியது. "ஆம்பளப் புள்ள, பொறுத்துக்கோ, வலி மருந்து அதிகம் வேணாம்"னு தயவுசெய்து சொல்லாதீங்க. வலிச்சா ஆழமா மூச்சு இழுக்க மாட்டான், இரும மாட்டான். சளி தேங்கும், நிமோனியா வரலாம்.

4/ இதைத் தடுப்பது நர்ஸ்தான். வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டு நேரத்துக்கு மருந்து தரணும். மூணு பந்து ஸ்பைரோமீட்டரை ஊதாம, உறிஞ்சி இழுக்க வைக்கணும். தலையணையை அணைச்சு இரும வைக்கணும். உடம்பை முறுக்காம எழுப்பி நடக்க வைக்கணும். மலச்சிக்கலையும் கவனிக்கணும். உடை மாத்தும்போது திரை போடணும். கேள்வியை அம்மாகிட்ட இல்ல, அவன்கிட்டயே கேட்கணும்.

5/ இதுக்கெல்லாம் நேரம் வேணும். போதனா மருத்துவமனை வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ்ங்கிறது இந்திய நர்ஸிங் கவுன்சில் அளவு. நம்ம வார்டுகளில் எண்ணிப் பாருங்க. அவங்க சிடுசிடுப்புக்குக் காரணம் புரியும்.

6/ ஆபரேஷன் சென்னையில் நடந்தாலும் பையன் தேறுவது பென்னாகரத்திலோ அரூரிலோதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். அதில் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே போறாங்க. பெரிய ஆபரேஷன் முடிஞ்சு வீடு திரும்பும் பிள்ளைகளையும் முதல் சில வாரம் அந்தப் பட்டியலில் சேர்க்கணும். என் கோரிக்கை இதுதான்.

7/ அதுவரை வீட்டில்: சர்ஜன் சொல்லும்வரை குப்புறப் படுக்க வேணாம், கனமான புத்தகப் பை, தண்ணிக்குடம், விளையாட்டு வேணாம். எந்த டாக்டரிடம் போனாலும் "நெஞ்சில் கம்பி இருக்கு"ன்னு முதல்ல சொல்லுங்க. காயத்தில் சீழ், காய்ச்சல் வந்தா அன்னைக்கே காட்டுங்க. திடீர்னு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தா யோசிக்காம 108.