நாடா கேட்கிறது, நாம் கேட்கிறோமா?

இசைக்கருவிகளோடு ஒலிநாடாப் பொறியையும் மேடையேற்றி, எழுதிவைத்த சுரம் ஏதுமின்றி, அந்த நேரத்தில் தோன்றுவதை இசைக்கும் சோதனை இசையைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் இசையன்பர் பலர் முகம் சுளிப்பர். “சுருதி உண்டா? தாளம் உண்டா? பொறி வாசிக்குமானால் கலைஞன் எதற்கு?” என்று வினவுவர்.

இவ்வெதிர்ப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1954 டிசம்பரில், எட்கார் வரேஸின் ‘தெசெர்’ பாரிஸில் அரங்கேறியபோது, கருவியிசைக்கு இடையிடையே நாடாவில் பதிந்த ஆலையொலிகள் எழக் கேட்ட அவையோர் கூச்சலிட்டனர். அவர்கள் குறையில் ஒரு நியாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அங்கே நாடா முன்பே முடிந்துவிட்ட ஒன்று; மேடையில் எது நிகழினும் தன் முறை வந்ததும் தன் போக்கில் ஓடுவது. அதற்கு வாய் உண்டு, செவி இல்லை.

ஆனால் நாடாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1963-இல் அதே பாரிஸில், அமெரிக்கரான டெரி ரைலி வேறொரு வழி கண்டார். ஒரு பொறி பதிவு செய்யும். அந்த நாடாவே நீண்டு சென்று இரண்டாம் பொறியில் ஒலிக்கும். அவ்வொலி மீண்டும் முதற்பொறிக்குள் புகும். நொடிக்கு 7.5 அங்குலம் ஓடும் நாடாவில், இரு பொறிகளுக்கும் இடையே 36 அங்குலம் இருப்பின், வாசித்த சுரம் ஏறத்தாழ 5 நொடி கழித்துத் திரும்பி வரும். வந்ததன் மேல் புதியது சேரும். இரண்டும் சேர்ந்து மறுபடி வரும். 1967-இல் பிலடெல்பியாவில் அவர் இரவு முழுதும் நடத்திய நிகழ்ச்சியில், ஊதுகருவி ஒன்றே பல கருவிகளாய்ப் பெருகிற்று.

இதனை ஏமாற்று என்பது தகுமா? சற்றுமுன் வாசித்தது திரும்பி வந்து செவியில் அறையும்போது, அதனோடு இணைவதா, விலகுவதா, அடங்குவதா என்று அக்கணமே முடிவு செய்தாக வேண்டும். செய்த பிழையும் திரும்பி வரும். அதையும் அழகாக்கியாக வேண்டும். தன் குரலின் நிழலை வயலினிற் கேட்டு, அதிலிருந்து அடுத்த பிடியைத் தேடும் ஆலாபனையை அறிந்த நமக்கா இது விளங்காது? மனோதர்மம் என்று நாம் போற்றுவதற்கு இதைவிடக் கடுமையான தேர்வு யாது?

அந்த ரைலிதான் 1970-இல், தில்லியில் வாழ்ந்து பாடிய கிரானா மரபினரான பண்டித பிரான் நாத்திடம் மாணவரானார். 1996-இல் ஆசான் மறையும் வரை அந்தத் தொடர்பு நீடித்தது. நாடாவிலிருந்து இராகத்திற்குச் செல்லும் வழி அவருக்கு நெடிதாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் இரண்டும் பகையோ?

நம் நாட்டிலும் இம்முயற்சிக்கு வித்து விழுந்தது. 1969-இல் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மின்னணு இசைக்கூடம் அமைக்க உதவினார். பக்கவாஜ் பயின்ற கீதா சாராபாய், இந்துஸ்தானி இசை கற்ற அதுல் தேசாய் போன்றோர் அங்கே நாடாவில் ஒலிகளைக் கோத்தனர். சில ஆண்டுகளில் அந்தக் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. நகையாடுவதற்கேனும் நாம் அவற்றைக் கேட்டோமா?

இனி நம் மேடைக்கு வருவோம். ஊரைவிட்டு வந்தவர்க்கு, உள்ளதையும் இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் இயல்பே. ஒரு காலத்தில் ஊரிலிருந்து வருவோர் கொண்டுவந்த ஒலிப்பேழைகளே நமக்குக் கச்சேரியாய் இருந்தன. அவற்றைத் தேயத் தேயக் கேட்டோம். நம் பிள்ளைகளையும் அவ்வாறே பாடப் பழக்கினோம். இன்று இசைப்போட்டிகளில், கற்பனைச் சுரத்தைக்கூட உருப்போட்டு, ஆசிரியர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி ஒப்பிக்கும் சிறாரைக் காண்கிறோம். தவறாது பாடுகின்றனர், பரிசும் தருகிறோம். பதினைந்து வயதானதும் அவர்கள் பாட்டைக் கைவிட்டால், “இக்காலத்துப் பிள்ளைகள்!” என்று பெருமூச்சு விடுகிறோம். அவர்களுக்கென்று ஒரு சுரத்தையேனும் நாம் விட்டுவைத்தோமா? பிறர் நாடாவைக் கலைஞனுக்குச் செவி கொடுக்கச் செய்தனர். நாமோ பெற்ற பிள்ளைகளை ஓடி முடியும் நாடாக்களாக்கினோம்.

சோதனை இசையென வருவதனைத்தும் நன்றென்பது நம் வாதமன்று. அதிலும் பதர் மிகுதி. மரபைக் கைவிடுமாறும் நாம் கூறவில்லை. நாம் கேட்பது ஒன்றே: ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரம், மனப்பாடம் செய்த எதுவும் ஒலிக்காத நேரமாக இருக்கட்டும். அன்று இரு பெரும்பொறிகள் செய்த வேலையை இன்று உள்ளங்கையளவுக் கருவி செய்கிறது. அதனை இளைஞர் கொண்டு வரட்டும். மிருதங்கமும் வயலினும் ஏந்திப் பெரியோர் அருகமரட்டும். இரைச்சல் எழலாம், எழட்டும். அந்த இரைச்சலிடையே நம் பிள்ளை ஒருத்தி, தான் பாடியது திரும்பி வரக் கேட்டு, ஒரு கணம் நின்று, இதுவரை எவரும் கற்றுக்கொடாத ஒரு சுரத்தை எடுப்பாளானால், நாம் காக்க நினைத்த மரபு காக்கப்பட்டது என்று துணிந்து கூறலாம்.