தேர்வுக்காக எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

கேம் புரோகிராமர் வேலைக்கு விண்ணப்பிக்கும் புதிய பட்டதாரிகளிடம், வீட்டில் செய்து அனுப்பும்படி நிறுவனங்கள் தரும் தேர்வுப் பணி குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. சென்னைப் பக்கம் நாவலூர், சிறுசேரி, சோழிங்கநல்லூர், தாம்பரம் வட்டாரத்தில் இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் எந்தத் தேர்வுப் பணிக்கும் ஊதியம் தர வேண்டும். அதில் எழுதப்படும் நிரல் எழுதியவருக்கே சொந்தம் என்று நிறுவனம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்து ராஜீவ் காந்தி சாலையில் ஐ.டி. வேலைக்கு எத்தனையோ கட்டடங்கள் இருக்கின்றன. கேம் வேலை அப்படியில்லை. ராக்ஸ்டார் பெங்களூரில் இருக்கிறது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்தில், யுபிசாஃப்ட் புனேயில். இத்துறையின் இந்திய முன்னோடியான துருவா 1997இல் தொடங்கியதும் பெங்களூரில்தான். சென்னைப் பக்கம் இருப்பவை பெரும்பாலும் சிறிய குழுக்கள். உலகச் சந்தையும் சுருங்கியது. 2024 ஜனவரியில் கேம் எஞ்சின் நிறுவனமான யூனிட்டி சுமார் 1,800 பேரையும், மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அடுத்த மாதமே சோனி பிளேஸ்டேஷன் 900 பேரை நீக்குவதாகச் சொன்னது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தபின், அந்தச் செயலிகளில் வேலை பார்த்த அனுபவசாலிகளும் இதே வரிசைக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆன்லைன் ரம்மி குடும்பங்களை என்ன செய்தது என்பதைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். ஆனால் இத்தனை நெருக்கடியும் கடைசியில் விழுவது ஃப்ரெஷர் தலையில்தான். என்ன கேட்டாலும் செய்து கொடுத்துவிடலாம், பெயர் கெடாமல் இருந்தால் போதும் என்ற நிலைக்கு அவர் வந்துவிடுகிறார்.

அதனால்தான் தேர்வுப் பணிகள் ஊதிப் பெருத்தன. ஒரு முழு லெவல், எதிரிகளின் நடமாட்டம், ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி, போதாததற்கு விளம்பரம் காட்டும் மென்பொருள் தொகுப்பின் (எஸ்டிகே) இணைப்பு. ஒருவருக்கு நிரல் எழுத வருமா என்று பார்க்க விளம்பர இணைப்பு எதற்கு? அது கேமைக் கடைக்கு அனுப்புவதற்கான வேலை. அப்படிக் கேட்கும் தேர்வுப் பணியைக் கண்டால் விண்ணப்பதாரர் சந்தேகப்படுவது நியாயம்.

திறமையைச் சோதிக்க வாரக்கணக்கு தேவையில்லை. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில், ஒவ்வொரு ஃபிரேமின் கணக்கும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் புதிதாகத் தோட்டாவை உருவாக்கி அழிக்கும் சிறிய யூனிட்டி புராஜெக்ட் ஒன்றைக் கொடுங்கள். குப்பை நினைவகத்தைத் துப்புரவாக்கும் கணத்தில் கேம் திக்கும். அது ஏன் திக்குகிறது என்று, எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது எனக் காட்டும் புரொஃபைலரைத் திறந்து விண்ணப்பதாரர் பார்க்கிறாரா, தோட்டாக்களை மறுபடி பயன்படுத்தும்படி மாற்றுகிறாரா, மாற்றியபின் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறதா? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் இது தெரிந்துவிடும்.

விண்ணப்பதாரர் ஏற்கெனவே ஒரு சிறிய கேமை முடித்து வைத்திருந்தால், தேர்வுப் பணிக்குப் பதிலாக அதையே ஏற்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’ கேமை டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம். அதற்குத்தான் 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. அளவில் சிறியது என்று யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை.

நிரல் யாருக்குச் சொந்தம் என்பதில் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஊழியர் பணியின்போது எழுதியது நிறுவனத்துக்குப் போகும். விண்ணப்பதாரர் இன்னும் ஊழியர் ஆகவில்லை. எழுத்தில் கையெழுத்திட்டு உரிமையை மாற்றிக் கொடுக்காதவரை நிரல் அவருடையது. இது தெரியாமலே எத்தனையோ பேர் தங்கள் உழைப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

சம்பளமில்லாத இன்டெர்ன்ஷிப்பையும் நாங்கள் ஏற்கவில்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளை முறையாகச் சேர்க்க வழி இருக்கிறது. தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்த்தால், விதித்த குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. சிறிய ஸ்டூடியோவுக்கும் இது கட்டுப்படியாகும். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்ட் விஷயத்தில் எங்களிடம் ஒரேயடியான மறுப்பு இல்லை. பொதுத்துறை வங்கி ஒன்றின் பணி ஒப்பந்தத்தில் இருந்த இத்தகைய நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு உண்மையில் செலவே செய்யாத நிறுவனம், நடுவில் விலகுபவரிடம் லட்சக்கணக்கில் கேட்பது தவறு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதை எந்தச் சூழலிலும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இவை அனைத்தும் முதலில் எங்களைக் கட்டுப்படுத்தும். நேர்முகத் தேர்வு நடத்தும் எங்கள் உறுப்பினர்கள் நான்கு மணி நேர வரம்பைத் தங்கள் ஸ்டூடியோக்களில் கடைப்பிடிப்பார்கள். நிராகரிக்கும்போது நிரலில் எது குறை என்று இரண்டு வரியாவது எழுதி அனுப்புவார்கள். ஆஃபர் லெட்டரோ பாண்டோ கைக்கு வந்து குழப்பமாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களிடம் கொண்டுவாருங்கள். படித்துப் பார்த்துச் சொல்ல எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.