'லிட்டில் மெர்மெய்ட்' பாட்டைப் பகிர்பவர்கள் மறக்கும் பெயர்

டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) ரசிகர்கள் இன்றும் ஆன்லைனில் பாடிப் பகிரும் பாட்டு 'பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்'. அது படத்தில் இல்லாமலே போயிருக்கும்!

வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காட்சியில், இந்தப் பாட்டு வந்ததும் குழந்தைகள் நெளிய ஆரம்பித்தார்கள். ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி கேட்ஸன்பெர்க் பாட்டைத் தூக்கிவிட நினைத்தார். பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன் விடவே இல்லை. அவர் பிடிவாதம் சரிதான். மனித உலகத்துக்கான ஏரியலின் ஏக்கம் தெரியாவிட்டால், அதற்காகத் தன் குரலையே அவள் விலையாகக் கொடுப்பது எப்படி மனசைத் தொடும்?

பாட்டு பிழைத்தது. ஆஷ்மன் 1991-ல், 40 வயதில், எய்ட்ஸால் இறந்தார். அடுத்த முறை பகிரும்போது ஏரியலோடு அவர் பெயரையும் போடலாமே.